தறிக்காரன் மனைவி

நியூ ஜெர்சியில் ரூட் ஒன் சாலையோரம் ஒரு தட்டையான கட்டடம். அதில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளோடு இரண்டு வருடத்துக்கு மேல் குப்பை கொட்டினேன். நான் ஆஸ்திரேலியாவுக்குப் போனதில்லை. இனிமேல் போவேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் அங்கே ஓர் ஆற்றங்கரை மாவட்டத்தில், நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னால், எந்தப் பண்ணையில் எத்தனை கைதிகள் ஆடு மேய்த்தார்கள், எவன் எதற்காகச் சவுக்கடி வாங்கினான், யார் வீட்டுக் கோதுமை வெள்ளத்தில் போனது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஊரில் எதிர்வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

வேலை இதுதான். அந்த மாவட்டத்துக் கைதிகளுக்கும் முதல் குடியேறிகளுக்கும் பிறந்தவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பழைய பதிவேடுகளையெல்லாம் மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து எங்கள் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கப்பலில் வந்து இறங்கியவர்களின் பட்டியல், ஆண்டுதோறும் எடுத்த தலைக்கணக்கு, தண்டனைப் புத்தகம், மனுக்கள், நிலம் கொடுத்த பதிவு என்று வகைவகையாக இருந்தன. நாலு பேர் உட்கார்ந்து அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒரே ஆள் ஐந்து புத்தகங்களில் ஐந்து இடத்தில் வந்தால், ஐந்தும் ஒருவனே என்று கண்டுபிடித்துக் கோர்க்கிற புரோகிராம் என்னுடையது. வங்கிகளுக்கு புரோகிராம் எழுத அமெரிக்கா வந்தவன் நான். வங்கி வேலை முடிந்ததும் இங்கே போ என்றார்கள், போனேன். மான்மவுத் ஜங்ஷனில் என் அபார்ட்மென்ட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஆபீஸ். அதற்கு மேல் யோசிக்க அப்போது தெம்பு இல்லை.

தெம்பு ஏன் இல்லை என்றால் அதற்கு ஆடி மாதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வருடங்களில் என்னைச் சுற்றி இருந்த எல்லோரும் ஏதாவது ஒரு காகிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காகிதம் வந்துவிட்டது, வந்ததுதான் வினை. கிரீன் கார்டு கைக்கு வருவதற்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் மனைவிக்கும் அதோடு சேர்ந்து கிடைத்துவிடும். ஒரு நாள் பிந்திக் கல்யாணம் செய்தாலும் அவள் தனி வரிசையில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசை நாலைந்து வருட நீளம். வரிசையில் நிற்கிறவளுக்குச் சுற்றிப் பார்க்க வரும் விசாவும் கொடுக்கமாட்டார்கள், வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்ற சந்தேகம்.

எனக்கு வைகாசியில் நிச்சயம் ஆனது. "கல்யாணத்தை முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போ" என்று வக்கீல் ஆபீசில் இருந்த பெண் தெளிவாகவே சொன்னாள். நானும் போனில் அப்பாவிடம் தெளிவாகவே சொன்னேன். ஆனியில் மண்டபம் கிடைக்கவில்லை. அடுத்தது ஆடி. ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடுகிறேன், ஆவணியில் ஊரைக் கூட்டித் தாலி கட்டிக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஆடியில ஒரு மாடு புடிக்கமாட்டோம். நீ கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடறேங்கற" என்றார் அப்பா.

பவானி கூடுதுறையில் ஜனங்கள் முங்கி எழுந்துகொண்டிருந்த ஆடிப்பெருக்கு வாரத்தில், நெவார்க்கில் ஓர் அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தார். நான் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். இன்டர்வியூவைத் தள்ளிப்போட ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதுமாம். அது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரியும். கிடைத்த தேதியை விட்டால் திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் எழுதவில்லை. பழியை மட்டும் இத்தனை வருடமாக ஆடி மாதத்தின் மேல் போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஆவணியில் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். அதற்கப்புறம் வருடத்துக்கு மூன்று வாரம். நியூ ஜெர்சியில் எந்த வீட்டுப் பொங்கல் விருந்துக்குப் போனாலும் என்னைப்போல் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். கிரீன் கார்டு பிரம்மச்சாரிகள் என்று கிண்டல் செய்வார்கள். சாப்பிட்டு முடிந்ததும் எங்களைத்தான் பாத்திரம் கழுவக் கூப்பிடுவார்கள், வீட்டில் போய்ச் செய்ய வேறு வேலை இல்லாதவர்கள் என்று.

மனைவி கோபியில் என் பெற்றோர் வீட்டில் இருந்தாள். கணக்கு டீச்சர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவளுக்கு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாக சத்தியமங்கலம் பக்கம் அரசாங்கப் பள்ளியில் வேலை வந்தது. சேரட்டுமா என்று கேட்டாள். விசா எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும், சேர்ந்து ஆறே மாதத்தில் விட்டால் நன்றாகவா இருக்கும் என்றேன். "சரிங்" என்றாள். அப்புறம் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். மாதா மாதம் வெளியாகும் விசா பட்டியலில் எங்கள் வரிசை ஒரு தடவை திடீரென்று ஏழெட்டு மாதம் முன்னால் பாய்ந்தது. ராஜினாமா எழுதிக் கொடு, அடுத்த மாதம் நம்முடையதுதான் என்று குதித்தேன். எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதப் பட்டியலில் வரிசை பழைய இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் அவள் "சரிங்" என்றுதான் சொன்னாள், நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் செய்வேன். அங்கே சாயங்காலம். போன் ஹாலில் இருந்தது. அப்பா நாற்காலியிலும் அம்மா டிவி முன்னாலும் உட்கார்ந்திருப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாமனார் காது கேட்க என்னதான் பேச முடியும்? சாப்பிட்டாச்சா, மழை உண்டா, பட்டியலில் ஏதாவது நகர்ந்ததா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். லைனில் அந்தக் கரகரப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஞாயிறுகள் உண்டு.

அப்படி ஒரு ஞாயிற்றில்தான் பேச ஒன்றும் இல்லாமல் தறிக்காரன் கதையை ஆரம்பித்தேன்.

தறிக்காரனை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஆபீசில் என் பக்கத்து மேஜையில் இருந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. கணவர் டாக்டர். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், வீட்டில் போது போகவில்லை என்று வேலைக்கு வந்தவர். மிஷன் பள்ளியில் நாலு கோடு நோட்டில் சாய்த்துச் சாய்த்து எழுதிப் பழகியவர் ஆதலால், மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களின் கையெழுத்தை அவர் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பார். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற தன் பிள்ளைகளைவிட இந்தக் குமாஸ்தாக்கள் எவ்வளவோ மேல் என்பார்.

என் புரோகிராம் ஓர் ஆளைத் திரும்பத் திரும்பக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தது. மணமானவன் என்று இருந்தால் மனைவியின் பதிவு ஒன்று எங்காவது இருக்க வேண்டும் என்பது நான் எழுதிய விதி. இவனுக்கு ஒவ்வொரு வருடத் தலைக்கணக்கிலும் மணமானவன் என்று இருந்தது, மனைவி எங்கேயும் இல்லை. ஆன்ட்டியிடம் பார்க்கச் சொன்னேன்.

"தம்பி, பிழை உங்கட புரோகிராமிலைதான். இவன்ரை மனுசி அங்கை வரவேயில்லை. கூப்பிடச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறான் பாருங்கோ" என்று மனுக்களின் சுருளைக் காட்டினார்.

துணி திருடியதற்காகப் பதினாலு வருடத் தண்டனை பெற்று வந்தவன் அவன். கப்பல் பட்டியலில் வயது இருபத்தேழு, தொழில் தறி நெய்தல், வாசிப்பான், எழுதத் தெரியாது, மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஊரில். இடது புருவத்தின் மேல் தழும்பு, வலது கையில் ஒரு பெண் பெயரின் முதலெழுத்து பச்சை குத்தியது. வந்து இறங்கியதும் ஒரு குடியேறியின் பண்ணைக்கு ஒதுக்கினார்கள். அங்கே அப்படித்தான். அரசாங்கம் கைதியைப் பண்ணைக்காரருக்கு ஒதுக்கும். அவர் சோறும் துணியும் கொடுப்பார், இவன் உழைக்க வேண்டும். வாரத்துக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு கறி, நல்ல எஜமானாக இருந்தால் டீயும் சர்க்கரையும். கம்பளி நூலைத் தவிர ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத தறிக்காரனிடம் நூற்றுக்கணக்கான ஆடுகளைக் கொடுத்து மேய்க்கச் சொன்னார்கள். பனிமூட்டத்தில் பதினோரு ஆடு தொலைந்தது. இருபத்தைந்து சவுக்கடி.

குடியேறிகள் மட்டும் சொகுசாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இவன் எஜமானின் மனைவி மரப்பலகை அடித்த குடிசையில் ஆறு பிள்ளை பெற்று மூன்றைப் புதைத்தாள். ஆறு பெருகிய வருடம் அவர்கள் எல்லோரும், கைதிகளும் சேர்ந்து, இரண்டு நாள் கூரைமேல் இருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் திரும்பவும் அதே இடத்தில் கோதுமை விதைத்தார்கள். எதற்கு இப்படி என்று எனக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் கொடுத்த நிலத்தை விட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த நிலமும் அவர்களுடையதில்லை. பதிவேட்டில் எல்லாமே ஆளில்லாத நிலம் என்றுதான் எழுதியிருக்கும். அதே வருடத்து மாஜிஸ்திரேட் புத்தகத்தில், அதே நிலத்தில் கறுப்பர்கள் தீ மூட்டினார்கள், விரட்டினோம், சுட்டோம் என்று இருக்கும். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அவர்களுக்குப் பெயருக்கான கட்டமே கிடையாது. என் புரோகிராமில் கோர்க்க ஒன்றும் இல்லை. ஆன்ட்டி எதையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே டைப் செய்கிறவர், அந்தப் பக்கங்களை மட்டும் மௌனமாகப் படிப்பார்.

இதையெல்லாம் வாரத்துக்குக் கொஞ்சமாக மனைவிக்குச் சொன்னேன். மாமனார் முன்னால் தைரியமாகக் கேட்கக்கூடிய கதை. அவளுக்குப் பிடித்துப்போனது. போனை எடுத்ததும் "அந்தத் தறிக்காரரு என்ன ஆனாருங்?" என்பாள். அப்பாகூட ஒரு தடவை வாங்கி, ஆடு கிடைத்ததா என்று கேட்டார். விசா பட்டியலைப் பற்றிக் கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து நானும் அவளும் அப்போதுதான் பேச ஆரம்பித்தோம் என்று சொன்னால் தப்பில்லை.

அவள் கேட்கிற கேள்விகள் மட்டும் எப்போதும் ஒரே பக்கம் போகும். அந்தம்மா ஊரில் என்ன செய்கிறாள்? குழந்தைகளை யார் பார்க்கிறார்கள்? கடிதம் வருவதற்கு ஒரு வருடம் ஆகும் என்றால் அதுவரைக்கும் அவளிடம் யார் என்ன சொல்வார்கள்? எனக்குத் தெரியாது என்பேன். புத்தகங்களில் இருந்ததெல்லாம் அவன் மட்டும்தான்.

மூன்றாம் வருடத்தில், மனைவியையும் பிள்ளைகளையும் அரசாங்கக் கப்பலில் அழைத்துவரச் சொல்லி, யாரையோ எழுதவைத்து அவன் முதல் மனு போட்டான். எஜமான் சிபாரிசு செய்தார், மேலே போனது, லண்டன் வரைக்கும் போய் அனுமதியும் ஆனது. அந்த அனுமதி கடல் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது இங்கே எஜமானை எதிர்த்துப் பேசினான் என்று தண்டனைப் புத்தகத்தில் ஒரு வரி. நடத்தை சரியில்லை, அனுமதி ரத்து. அப்புறம் அவனுக்கு விடுப்புச் சீட்டு கிடைத்தது. அது இருந்தால் சொந்தமாக வேலை தேடிக்கொள்ளலாம், ஆனால் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டாவது மனு. அதுவும் அனுமதியானது. அறுவடைக்குக் கூலி அதிகம் என்று ஆற்றைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்கு நாலு நாள் போனான். பிடித்தார்கள். சீட்டு ரத்து, அனுமதியும் ரத்து. "எதுக்குங் போனாரு, கொஞ்சம் பொறுத்துக்கிட்டு இருந்தா ஆவாதா?" என்று மனைவி கேட்டாள். முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவளும் நானும் அந்த ஞாயிறு முழுக்கத் துக்கம் கொண்டாடினோம்.

பதிமூன்றாம் வருடத்து மனுவை ஆன்ட்டி கண்டுபிடித்தபோது குளிர்காலம். இந்தத் தடவை எல்லாம் கூடிவந்திருந்தது. மாஜிஸ்திரேட் கையெழுத்து, கவர்னர் ஆபீஸ் முத்திரை, கப்பலில் ஒரு பெண்ணுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம். நான் எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் அடுத்த பக்கத்துக்கு உருட்டினார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"வரமாட்டாவாம், தம்பி."

அந்த ஊர்ப் பாதிரியார் அவளிடம் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல். முதல் தடவை கப்பல் வரும் என்றபோது தறியை விற்றேன். கப்பல் இல்லை என்றார்கள். இரண்டு வருடம் பிறர் வீட்டில் நூல் சுற்றி இன்னொரு தறி வாங்கினேன். இரண்டாம் தடவை அதையும் விற்றேன். இப்போது இருப்பது மூன்றாவது. பெரியவளும் நெய்கிறாள். இதை விற்கமாட்டேன். என் கணவர் நலமாக இருக்கட்டும். அவ்வளவுதான். ஓரத்தில் குமாஸ்தா 'மனைவி மறுத்துவிட்டாள்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! சின்ன வயதில் சென்னிமலைப் பக்கத்தில் வளர்ந்தவன், தறி என்றால் என்னவென்று தெரியாதவனில்லை. இருந்தாலும் பதிமூன்று வருடம் முதுகுத்தோல் உரிய உரிய மனுப் போட்டவனுக்கு இதுதானா கூலி என்று மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து மனைவியிடம் கொட்டினேன்.

"கப்பலே நிக்குது. எல்லாச் செலவும் கவர்ன்மென்ட் பார்த்துக்குது. இவ வரமாட்டேங்கறா. கல்நெஞ்சுக்காரி!"

 

"மூணாவது தறி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு. அதை விக்கமாட்டேன்னுதானே வரல."

"நல்லதுங்" என்றாள். பிறகு, "நான் ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க. கவுந்தப்பாடிக்கிட்ட ஒரு ஸ்கூல்ல வேலைங். நிரந்தரமான போஸ்ட். போன மாசமே இன்டர்வியூ போயிட்டு வந்தனுங். நாளைக்குப் போய்ச் சேர்றேன்."

"என்னைக் கேக்கவே இல்ல?"

"கேட்டா விசா வந்துரும்பீங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"மாமாவும் இப்பத்தானுங் கேட்டுக்கிட்டிருக்காரு. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

இரண்டு ஞாயிறு நான் போன் செய்யவில்லை. ரோஷம். ஒரு மதியம், லன்ச் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்காக வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தத் தறிக்காரன்ரை மனுசியா இருந்திருந்தா நானும் வந்திருக்கமாட்டன். ஆனா நான் வந்திட்டன். என்னட்டை விக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை, தம்பி. வீடு முதலே எரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் புட்டை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான் என் டப்பாவை மூடிவைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு போன் செய்தேன். பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பத்தாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், பஸ்ஸில் போக முக்கால் மணி நேரம் என்றாள். குரலில் ஒரு தெளிவு இருந்தது. அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

விசா இரண்டாயிரமாவது வருடம் வந்தது. எதிர்பார்த்து எதிர்பார்த்து, வந்தபோது சந்தோஷப்படத் தெரியவில்லை. ஒரு சோஃபா வாங்கினேன். மிக்சி வாங்கினேன். அலமாரியில் என் சட்டைகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினேன். பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்றாள், மே மாத ஆரம்பத்தில் வந்தாள். நெவார்க் ஏர்போர்ட்டில் ஒரே ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மற்ற வீட்டுப் பெண்கள் இட்லிப் பானை முதற்கொண்டு இரண்டு பெரிய பெட்டியில் கொண்டுவந்து இறங்குவதைப் பார்த்தவன் நான். மீதிப் பெட்டி தொலைந்துவிட்டதா என்று கேட்டேன். சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் காப்பி குடிக்கும்போது சொன்னாள், ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கிறது, திரும்புகிற டிக்கெட்டும் சேர்த்தே எடுத்திருக்கிறேன் என்று. நான் கத்தவில்லை. சண்டை போடுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும். ஐந்து வருடம் மூன்று மூன்று வாரமாக நான் அவளிடம் விருந்தாளியாகப் போய் வந்திருக்கிறேன், இப்போது அவள் முறை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாலு வாரமும் நன்றாகத்தான் இருந்தோம். கோயிலுக்குப் போனோம். காரில் ஹைவேயில் போகும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பப்ளிக் லைப்ரரியில் கணக்குப் புத்தகங்களாக எடுத்துவைத்துக்கொண்டு நோட்டில் குறித்துக்கொள்வாள். ஒரு நாள் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன், தறிக்காரனைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆன்ட்டி அந்தச் சுருளை மாட்டிப் பாதிரியாரின் கடிதத்தைத் திரையில் காட்டினார். இதில் அவளுடைய கையெழுத்து எது என்று மனைவி கேட்டாள். அவளுக்கு எழுதத் தெரியாது, கடைசியில் இருக்கிற அந்தப் பெருக்கல் குறி மட்டும்தான் அவளுடையது என்று ஆன்ட்டி சொன்னார். மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அவரு என்ன பண்ணினாருங்?"

"அடுத்த வருஷம் தண்டனை முடிஞ்சுது. ஆத்தங்கரையில முப்பது ஏக்கர் நிலம் குத்தகைக்குக் கெடச்சுது. சாகிற வரைக்கும் அங்கேதான்."

"தண்டனைதான் முடிஞ்சு போச்சே. ஊருக்குத் திரும்பிப் போகலாமில்லீங்?"

"போகலாம். ஆனா நிலம் இருந்துதே."

"ஓ" என்றாள். ஆன்ட்டி மெஷின் விளக்கை அணைத்தார்.

திரும்புகிற நாள் அன்று ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரமாகவே போய்விட்டோம். பெட்டியைப் போட்டாயிற்று. செக்யூரிட்டி வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். நான் எதிர்பார்க்கவே இல்லை, அவ்வளவு பேர் நடுவில் அவள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

"நீங்க என்ன பண்ணப் போறீங்?" என்று கேட்டாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். ஐந்து வருடத்தில் நான் அவளிடம் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை என்பது அந்த நிமிஷத்தில் உறைத்தது. என் பதிலுக்காக அவள் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். வந்துடறேன் என்று ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போனீன்னா உன் கிரீன் கார்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். "சரிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.